அப்டேட் போட்டதும் போன் கெட்டால் யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் கம்பெனிகள் அனுப்பும் அப்டேட், அதற்குப் பிறகு வரும் தொல்லை, டிஸ்ப்ளே கோடு, வாரண்டி சண்டை என்று நண்பர்களும் உறவினர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும் அதற்குள் ஓடும் சாப்ட்வேரை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரம் கடைசி வரை கம்பெனியிடம்தான் இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அவர்கள் செய்த மாற்றத்தால் போன் கெட்டால் அவர்கள்தான் சரி செய்து தர வேண்டும், வாரண்டி முடிந்திருந்தாலும் சரி. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கண்ணோட்டத்தில் எழுதியவை.

அப்டேட் போட்ட மறுநாளே போன் போய்விட்டது. அப்டேட்தான் காரணமா, இல்லை தற்செயலா?

பல நேரங்களில் இரண்டும் கலந்துதான் இருக்கும். ஒரு பெரிய அப்டேட் இன்ஸ்டால் ஆகி, போன் ரீஸ்டார்ட் ஆன பிறகும் வேலை முடிவதில்லை. புது வெர்ஷனுக்கு ஏற்ற மாதிரி ஆப்களைப் பின்னால் மறுபடி தயார் செய்துகொண்டே இருக்கும், கேலரியில் உள்ள படங்களைத் திரும்ப அலசும். அதுவரை பிராசசர் ஓயாமல் ஓடும், போன் நன்றாகவே சூடாகும். போர்டில் ஏற்கெனவே பிடி தளர்ந்த ஒரு சால்டர் இருந்தால் அந்தச் சூட்டில் விட்டுப்போகும். அப்டேட் வராமல் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடியிருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் 2015-ல் வந்த சில போன்கள். எல்ஜி ஜி4 திடீரென்று லோகோ வரைக்கும் வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. 2016 ஜனவரியில் எல்ஜியே ஒப்புக்கொண்டது, உள்ளே பாகங்களுக்கு இடையே தொடர்பு தளர்ந்துபோவதுதான் காரணம் என்று. அதே எல்ஜி கூகுளுக்குச் செய்து கொடுத்த நெக்சஸ் 5எக்ஸ், ஹுவாவே செய்து கொடுத்த நெக்சஸ் 6பி இரண்டிலும் இதே லூப் வந்தது, பலர் ஆண்ட்ராய்டு 7 போட்ட பிறகுதான் ஆரம்பித்தது என்றார்கள். தனியாக இருந்து மென்பொருள் எழுதும் சிலர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பிராசசரில் இருக்கும் வேகமான கோர்களை (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகளை) முழுக்க அணைத்துவிட்டு, மெதுவான நான்கு கோர்களை மட்டும் வைத்து ஓட்டினால் செத்த போன் எழுந்துவிட்டது. கோளாறு வன்பொருளில் இருந்திருக்கிறது, வெளியே தெரிந்தது அப்டேட் நேரத்தில். அமெரிக்காவில் நெக்சஸ் 6பி வழக்கு 2019-ல் 97.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

ஆகவே சர்வீஸ் சென்டரில் "இது ஹார்டுவேர் பிரச்சினை, அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பலவீனமான போர்டைச் செய்ததும் அவர்கள், அதைச் சூடாக்கிய அப்டேட்டை அனுப்பியதும் அவர்கள்.

டிஸ்ப்ளேயில் விழும் அந்தப் பச்சைக் கோடு என்ன?

அமோலெட் டிஸ்ப்ளே, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகைத் திரை உள்ள போன்களில் வருவது. மேலிருந்து கீழே ஒரே நேராக, முடி கனத்தில், பளீரென்று ஒரு கோடு. சில போன்களில் பச்சை, சிலவற்றில் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. கறுப்புத் திரையில் மட்டும் இல்லை, எந்தப் படம் ஓடினாலும் அந்த இடத்தில் அது நிற்கும். முதலில் ஒன்று வரும், சில வாரத்தில் பக்கத்தில் இன்னொன்று சேரும். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இருக்காது.

டிஸ்ப்ளேயின் ஓரத்தில், மெல்லிய வளையும் பிலிமில் பதித்த கம்பிகள் வழியாகத்தான் ஒவ்வொரு நெடுவரிசைப் புள்ளிகளுக்கும் சிக்னல் போகிறது. அந்த ஒட்டுப் பகுதியில் ஒரு கம்பியின் பிடி விட்டால் அந்த வரிசை முழுவதும் கட்டுப்பாட்டை இழந்து எரிந்துகொண்டே நிற்கும். சூடும் ஈரப்பதமும் அந்த ஒட்டைப் பலவீனமாக்கும் என்பது ரிப்பேர் கடைக்காரர்கள் அன்றாடம் பார்க்கும் விஷயம், நம் ஊர் வெயிலும் கடற்கரை ஈரமும் அதற்கு உதவி செய்வதாக இருக்காது. அப்டேட் போட்ட இரவே கோடு விழுந்தது என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதற்கு மேலே சொன்ன சூடுதான் எனக்கு ஏற்கத்தக்க விளக்கமாகப் படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கவர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் போட்டு மிகவும் கவனமாக வைத்திருந்த போனில் இது வந்தது. சர்வீஸ் சென்டரில் லென்ஸ் வைத்துத் துழாவி, சார்ஜிங் ஓட்டை அருகே பிரேமில் ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டி "பிசிகல் டேமேஜ்" என்று ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான், இலவச மாற்றம் கிடையாது. கேட்ட தொகை அந்தப் போனின் அன்றைய விலைக்குப் பக்கத்தில் வந்தது. இப்படி ஒரு வார்த்தையை எழுதிக் கம்பெனியின் தவறை வாடிக்கையாளர் தலையில் இறக்குவது எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் விஷயம்.

பச்சைக் கோட்டுக்கு இலவசமாக டிஸ்ப்ளே மாற்றித் தருவார்களா?

கம்பெனியையும் மாடலையும் பொறுத்தது. ஒன்பிளஸ் இந்தியாவில் 2023-ல் 8 புரோ, 8டி, 9, 9ஆர் போன்ற மாடல்களுக்கு, கோடு விழுந்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது, 2024-ல் அதைத் தன் எல்லாப் போன்களுக்கும் ஆயுட்கால உத்தரவாதமாக விரித்தது. சாம்சங் 2024-ல் எஸ்20, எஸ்21 வரிசை போன்ற சில மாடல்களுக்கு ஒருமுறை மட்டும், வாங்கி மூன்று வருடத்துக்குள் இருந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் வந்தால் என்ற நிபந்தனைகளோடு மாற்றிக் கொடுத்தது.

இந்த அறிவிப்புகள் தானாக வந்தவை இல்லை. மக்கள் படம் எடுத்துப் போட்டுப் போட்டு நெருக்கிய பிறகு வந்தவை. கடைக்காரர்களும் தங்கள் பங்குக்கு நெருக்கினார்கள். 2024 ஏப்ரலில் தென்னிந்திய போன் விற்பனையாளர்கள் சங்கம் மே 1 முதல் தங்கள் கடைகளில் ஒன்பிளஸ் விற்பதில்லை என்று அறிவித்தது. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா உட்பட சுமார் 4,500 கடைகள். லாபம் குறைவு என்பது ஒரு காரணம், வாரண்டி கோரிக்கைகளைத் தீர்க்க ரொம்ப நாள் இழுக்கிறார்கள் என்பது இன்னொன்று. போன் கெட்டால் நாம் முதலில் போய் நிற்பது வாங்கிய கடையில்தானே, அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவர்கள்.

போகும் முன் கம்பெனியின் இந்திய இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு இப்போது திட்டம் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்டரில் இருப்பவருக்கே பல நேரம் தெரிந்திருக்காது.

அப்டேட் போட்டதும் போன் முழுதாகச் செத்துப்போனது என்பதெல்லாம் உண்மையா?

உண்மை, பெரிய கம்பெனிகளிலேயே நடந்திருக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 8.0.1 விட்டது. அதைப் போட்ட ஐபோன் 6, 6 பிளஸ் போன்களில் சிக்னலே போய்விட்டது, விரல் ரேகையும் வேலை செய்யவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள், மறுநாள் 8.0.2 வந்தது. தவறு பெரியது, ஆனால் கையாண்ட வேகம் சரியானது.

ஷாவ்மியின் மி ஏ3 கதை இதற்கு நேர் எதிர். கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தில் வந்த போன், சுத்தமான ஆண்ட்ராய்டு, அப்டேட் தாமதிக்காமல் வரும் என்பதுதான் அதை விற்ற காரணமே. 2020-ல் ஆண்ட்ராய்டு 10 விட்டு, பிழை என்று நிறுத்தி, மறுபடி விட்டு, மறுபடி நிறுத்தினார்கள். நடுவில் மெக்சிகோவில் ஒரு மொபைல் நிறுவனத்துக்காகச் செய்த வெர்ஷனை மற்ற நாட்டுப் போன்களுக்கும் தவறுதலாக அனுப்பி, போட்டவர்களுக்கு இரண்டாவது சிம் வேலை செய்யாமல் போனது. அப்புறம் 2021 புத்தாண்டு நேரத்தில் ஆண்ட்ராய்டு 11 அனுப்பினார்கள், பல போன்கள் ஆன் ஆகவே இல்லை. கடைசியில் வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வந்தால் இலவசமாகச் சரி செய்கிறோம் என்றார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "வாரண்டி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், முடியும், முன்னால் செய்திருக்கிறார்கள் என்று சொல்ல உங்களிடம் ஓர் உதாரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிஸ்டம் அப்டேட் நின்றுபோன பழைய போனும் தப்பிப்பதில்லை. 2024 அக்டோபரில் வீட்டுச் சாதனங்களைப் போனோடு இணைக்கும் சாம்சங் ஸ்மார்ட்திங்ஸ் தொடர்பான ஒரு ஆப் அப்டேட் தானாக இறங்கி, கேலக்ஸி எஸ்10, நோட் 10 போன்ற பழைய போன்களை லூப்பில் தள்ளியது. பயனர் எதையும் அழுத்தவில்லை. மீட்க ரீசெட் போட வேண்டிய நிலை, பேக்கப் இல்லாதவர்களின் படங்கள் எல்லாம் போயின.

புது மாடல் விற்பதற்காகக் கம்பெனிகள் பழைய போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்களா?

மெதுவாக்கியது நிரூபணமானது. புது போன் விற்கத்தான் செய்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐபோன் 6, 6எஸ் போன்கள் 30, 40 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துகொண்டிருந்தன. பழைய பேட்டரியில் உள்மின்தடை கூடும். கேமரா திறப்பது போல ஒரு வேலைக்கு பிராசசர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் பேட்டரியின் வோல்டேஜ் சடாரென இறங்கும், ஒரு எல்லைக்குக் கீழே போனால் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆப்பிள் 2017 ஜனவரியில் விட்ட ஐஓஎஸ் 10.2.1-ல் இதற்கு ஒரு வழி செய்தது: பேட்டரி பழசாக இருந்தால் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்துவிடுவது. பொறியியலாகப் பார்த்தால் நியாயமான தீர்வு. ஆனால் வேகம் குறையும் என்று யாருக்கும் புரியும்படி சொல்லவில்லை. 2017 டிசம்பரில், போன் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், பயனர்களின் வேக அளவீடுகளை வெர்ஷன் வாரியாக வரைபடமாகப் போட்டபோதுதான் வெட்டவெளிச்சம் ஆனது.

யோசித்துப் பாருங்கள். சின்னச் செலவில் பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல், போனே பழசாகிவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் புது போன் வாங்கியிருப்பார்கள். ஆப்பிள் டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கியது, ஐஓஎஸ் 11.3-ல் பேட்டரி ஆரோக்கியத்தைக் காட்டும் பகுதியைச் சேர்த்தது. பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, அதே வருடம் அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டார்கள். இத்தாலி 2018-லேயே ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் மீதான புகார், புதிய போனுக்காகச் செய்த சாப்ட்வேரைப் பழைய நோட் 4 போன்களில் ஏற்றச் சொல்லி அவற்றைத் திணற வைத்தது என்பது.

சாம்சங் நோட் 7 ஏன் தீப்பிடித்தது? அதில் சாப்ட்வேருக்கு என்ன வேலை?

தீப்பிடித்ததற்கு சாப்ட்வேர் காரணமில்லை, பேட்டரிதான். 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது, செப்டம்பர் 2 அன்று 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். முதல் வகைப் பேட்டரியின் வலது மேல் மூலையில் போதிய இடம் விடாததால் உள்ளிருந்த மின்முனைத் தகடு வளைந்துபோயிருந்தது. சரி, வேறு கம்பெனியின் பேட்டரி போட்டு மாற்றுப் போன் கொடுத்தார்கள். அவசரத்தில் தயாரான அவற்றில் வெல்டிங் செய்த இடத்தில் கூரான பிசிறுகள் நின்றன, சிலவற்றில் காப்பு டேப்பே ஒட்டப்படவில்லை. அக்டோபர் 5 அன்று அமெரிக்காவில் லூயிவில் விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த விமானத்தில் ஒரு மாற்றுப் போன் புகைய ஆரம்பித்தது, பயணிகளை இறக்கினார்கள். 11-ஆம் தேதி அந்த மாடலையே கைவிட்டார்கள்.

சாப்ட்வேர் வந்தது அதற்குப் பிறகு. போனைத் திருப்பித் தராமல் வைத்திருந்தவர்களுக்கு 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி பல நாடுகளில் அப்டேட் அனுப்பினார்கள், அமெரிக்காவில் டிசம்பரில் சார்ஜே ஏறாதபடி ஒன்று. உங்கள் கையில் இருக்கும் பொருளைக் கம்பெனி தொலைவில் இருந்து செயலிழக்கச் செய்ய முடியும் என்று உலகம் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான். இந்த விஷயத்தில் அது சரியான முடிவு, உயிர் ஆபத்து இருந்தது. சாம்சங் 2017 ஜனவரியில் காரணங்களை விரிவாக வெளியே வைத்ததையும் பாராட்ட வேண்டும், அந்த அளவுக்குத் திறந்து பேசிய கம்பெனிகள் குறைவு.

பேட்டரி தாங்கும் சார்ஜ் அளவையே குறைக்கும் அப்டேட் வருகிறதாமே?

ஆமாம், கூகுள் செய்தது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாக இறங்கும் ஒரு அப்டேட் வந்தது. சில போன்களில் காலையில் போட்ட சார்ஜ் மதியம்கூடத் தாங்கவில்லை. பேட்டரியின் "நிலைத்தன்மையை மேம்படுத்த" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னார்கள். இலவச பேட்டரி, இல்லை என்றால் 50 டாலர், இல்லை என்றால் புது பிக்சல் வாங்க 100 டாலர் தள்ளுபடி என்று கொடுத்தார்கள். பழைய சாப்ட்வேர் கோப்புகளைத் தங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. பேட்டரி அதிகம் சூடாகித் தீ அபாயம் இருக்கிறது என்பது ஆஸ்திரேலிய அரசின் திரும்பப் பெறல் அறிவிப்பில்தான் நேராக எழுதப்பட்டிருந்தது. 2025 ஜூலையில் பிக்சல் 6ஏ போன்களுக்கும் இதே மாதிரி ஒன்று வந்தது, 400 முறை சார்ஜ் சுற்று முடிந்தவுடன் செயல்படுவது.

தீ அபாயம் இருந்தால் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் தலையணைக்கு அடியில் போனை வைத்துத் தூங்கும் மனிதருக்கு "உங்கள் பேட்டரி ஆபத்தானது" என்று அவர் மொழியில், அவர் திரையில், முதல் வரியாகச் சொல்வது கம்பெனியின் கடமை. அதைச் செய்யாமல் மழுப்பலாக எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆண்ட்ராய்டு அப்டேட் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது?

கூகுள் புது வெர்ஷனை வெளியிட்டால் அது நேராக உங்கள் போனுக்கு வராது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனி தன் சிப்புக்கான டிரைவர்களை (சிப்பையும் சிஸ்டத்தையும் இணைக்கும் சாப்ட்வேரை) புது வெர்ஷனுக்கு ஏற்றபடி எழுதித் தர வேண்டும், பிறகு போன் கம்பெனி தன் சொந்தத் தோற்றத்தையும் ஆப்களையும் அதன் மேல் ஏற்ற வேண்டும், கூகுளின் சோதனைகளில் தேற வேண்டும், சில நாடுகளில் நெட்வொர்க் நிறுவனங்களும் பார்க்க வேண்டும். இதில் சிப் கம்பெனி கையை விரித்துவிட்டால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

பேர்போன் என்ற நெதர்லாந்துக் கம்பெனியின் பேர்போன் 2 இதற்குச் சான்று. 2015 கடைசியில் வந்த போன், உள்ளே ஸ்னாப்டிராகன் 801. ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் அந்த சிப்புக்குக் குவால்காமின் ஆதரவு இல்லை. விட்டுவிடாமல் அந்தச் சின்னக் கம்பெனியே உட்கார்ந்து 7, பிறகு 9, பிறகு 10 வரை கொண்டு வந்து 2023 வரை போனைக் காப்பாற்றியது. அதைவிடப் பல மடங்கு பணமும் ஆட்களும் வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் இரண்டு வருடத்தில் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த டிரெபிள் என்ற மாற்றம் சிப் டிரைவர்களையும் மேலே உள்ள சிஸ்டத்தையும் பிரித்து வைத்ததால் வேலை குறைந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் சில பகுதிகளைப் பிளே ஸ்டோர் வழியாகவே கூகுள் புதுப்பிக்கிறது. இருந்தும் தாமதம் தீரவில்லை. ஆண்ட்ராய்டு 15 பிக்சலுக்கு 2024 அக்டோபரில் வந்தது, சாம்சங் எஸ்24-க்கு ஒன் யூஐ 7 என்ற பெயரில் அது கிடைத்தது 2025 ஏப்ரலில்தான், அதுவும் கொரியாவில் சிலருக்குப் போன் அன்லாக் ஆகவில்லை என்றதும் நடுவில் நிறுத்தி மறுபடி விட்டார்கள். தாமதமாக வந்தால் சோதித்து வரும் என்று சமாதானம் சொல்வார்கள், எப்போதும் அப்படி இல்லை.

7 வருட அப்டேட் என்கிறார்களே, நம்பலாமா?

பிக்சல் 8 மூலம் கூகுள் 2023 அக்டோபரிலும், எஸ்24 மூலம் சாம்சங் 2024 ஜனவரியிலும் சொன்ன வாக்குறுதி இது. காப்பாற்றுவார்கள் என்றே நினைக்கிறேன், பின்வாங்கினால் பெயர் கெடும். ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள். வருடக் கணக்கு போன் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் ஆடித் தள்ளுபடியில் ஒன்றரை வருடம் கழித்து வாங்கினால் அந்த ஒன்றரை வருடம் கழிந்ததுதான். அப்புறம், செக்யூரிட்டி அப்டேட் முதலில் மாதாமாதம் வந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்றாகி, கடைசியில் வருடத்துக்கு இரண்டு என்று இளைத்துப்போவதும் உண்டு. அதோடு ஏழாவது வருடத்தில் அந்தப் போனுக்குப் பேட்டரியும் டிஸ்ப்ளேயும் கிடைக்குமா, என்ன விலைக்கு என்பதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

செட்டிங்கில் காட்டும் செக்யூரிட்டி பேட்ச் தேதி உண்மையானதா?

இப்போது பெரும்பாலும் உண்மை. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 2015-ல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்பிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது, ஒரு எம்எம்எஸ் செய்தி வந்தாலே போனைக் கைப்பற்றலாம் என்ற அளவுக்கு மோசமானது. அதன் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிட ஆரம்பித்தது. 2018-ல் ஜெர்மனியின் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் ஆய்வாளர்கள் 1,200 போன்களின் சாப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தார்கள். சில கம்பெனிகள் திருத்தங்களை முழுதாகச் சேர்க்காமலே தேதியை மட்டும் புதுசாகக் காட்டியது தெரிந்தது. இது அலட்சியத்தையும் தாண்டியது, வாடிக்கையாளரிடம் சொன்ன பொய்.

அப்படியானால் அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமே?

வேண்டாம். வங்கி ஆப், யுபிஐ, ஓடிபி எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கிறது. செக்யூரிட்டி அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். பெரிய வெர்ஷன் மாற்றத்தை மட்டும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடலாம், அதற்குள் அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்டேட்டுகளைப் பகுதி பகுதியாகத்தான் விடுவார்கள், முதல் பகுதியில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

பேக்கப். படங்கள், வாட்ஸ்அப், தொடர்பு எண்கள். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. அப்புறம் கொஞ்சம் இடம் காலியாக வையுங்கள், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். கவரைக் கழற்றி, மேசை மேல் காற்றோட்டமாக வைத்துப் போடுங்கள், மெத்தை மேல் வைக்க வேண்டாம். முடிந்ததும் உடனே கேம் ஆடவோ வெயிலில் வண்டியில் மாட்டி மேப் ஓட்டவோ வேண்டாம், ஒரு இரவு சும்மா விடுங்கள். மறுநாள் சார்ஜ் வேகமாக இறங்கினால் பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் அடங்கும். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் புகார் கொடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பழைய வெர்ஷனுக்குப் போகலாமா?

ஐபோனில் புது வெர்ஷன் வந்து கொஞ்ச நாளில் ஆப்பிள் பழையதற்கு அனுமதி தருவதை நிறுத்திவிடும், அத்தோடு கதவு மூடியது. ஆண்ட்ராய்டில் பல கம்பெனிகள் போனுக்குள் திருப்ப முடியாத ஒரு எண்ணை ஏற்றி வைக்கின்றன, அதைவிடப் பழைய சாப்ட்வேர் ஏற்றினால் போன் ஆன் ஆகாது. 2022-ல் பிக்சல் 6-க்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது கூகுள் இப்படித்தான் செய்தது, பழைய வெர்ஷனில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது என்பதற்காக. வீடியோ பார்த்து வீட்டிலேயே முயற்சி செய்து செத்த போன்கள் ரிப்பேர் கடைகளுக்கு நிறையவே வருகின்றன.

பட்ஜெட் போன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேமரா மெகாபிக்சலை விட்டுவிட்டு ஸ்டோரேஜ் எந்த வகை என்று பாருங்கள். மலிவான போன்களில் இ-எம்எம்சி வரும், அதைவிட யூஎஃப்எஸ் வேகமானது. வாங்கிய புதிதில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ஸ்டோரேஜ் நிரம்பி இரண்டு பெரிய அப்டேட் வந்த பிறகு தெரியும். கூகுளின் 2012 நெக்சஸ் 7 டேப்லெட் சில மாதங்களிலேயே நத்தை வேகத்துக்கு வந்ததற்குப் பிராசசரைவிட ஸ்டோரேஜ்தான் முக்கியக் காரணம், அழித்த இடத்தைச் சுத்தம் செய்யும் வசதி ஆண்ட்ராய்டு 4.3-ல்தான் வந்தது. அடுத்து, எத்தனை வருட அப்டேட் என்று கம்பெனி எழுத்தில் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பக்கத்து ரிப்பேர் கடையில் அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே காம்போ கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மாடல் அதிகம் திரும்பி வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த விமர்சன வீடியோவுக்கும் தெரியாது.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதாமே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும், முக்கிய உதிரிபாகங்கள் 7 வருடம் கிடைக்க வேண்டும், பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற நாளிலிருந்து என்பதுதான் இதில் நல்ல அம்சம், கடைசியாக வாங்கியவரும் ஏமாற மாட்டார். இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கான அரசு இணையதளம் திறந்தார்கள், ரிப்பேர் செய்யும் வசதிக்கு மதிப்பெண் கொடுக்கும் திட்டம் குழு, அறிக்கை என்ற அளவில் நகர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் செய்ய முடிந்ததை அதே கம்பெனிகள் இங்கேயும் செய்ய முடியும், கட்டாயப்படுத்த ஆள் வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் காசு கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

சண்டை போடும் முன் ஆதாரம் சேருங்கள். அப்டேட் போட்ட தேதி, வெர்ஷன் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், கோளாறின் வீடியோ, வாங்கிய பில். போனைக் கொடுக்கும்போதே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள், ஜாப் ஷீட்டில் "அப்டேட்டுக்குப் பிறகு" என்ற வார்த்தையை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

அடுத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள், பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்டேட் நின்றுபோன போனை என்ன செய்வது?

உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. வங்கி ஆப், யுபிஐ, முக்கிய மின்னஞ்சல் இவற்றை மட்டும் வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள். பழையதில் நல்ல பேட்டரி ஒன்று போட்டு, பாட்டு கேட்க, வீடியோ பார்க்க, பிள்ளைகள் படிக்க என்று வைத்துக்கொள்ளலாம். தெரியாத லிங்கைத் திறக்காதீர்கள், பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் இறக்காதீர்கள். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் ஒரு நாள்கூட வீட்டில் வைக்க வேண்டாம், சார்ஜில் போடாமல், அழுத்தாமல் அப்படியே கடைக்கோ மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.